"அவன் வந்து கேக்கவேயில்லையே சார்": மன்னிப்பும் மரண ரயில் பாதையும்

இன்னைக்கு இழை கொஞ்சம் நீளம். டீயை வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

எங்க ஆஸ்பத்திரி தொற்றா நோய் பிரிவுக்கு மாசாமாசம் மாத்திரை வாங்க வர்ற அம்மா ஒருத்தர். அறுபதை நெருங்குற வயசு. பிபி 170/100-க்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது. மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா, கருவாடு ஊறுகாயைக் குறைச்சாங்களா, கிட்னி எப்படி இருக்கு, எல்லாம் பார்த்தாச்சு. ஒரு நாள் "தூக்கம் எப்படிம்மா?"னு கேட்டேன். அப்பா சொத்துல இவங்க பங்கைக் கூடப்பிறந்த தம்பியே ஏமாத்தி எழுதி வாங்கிட்டாராம். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ராத்திரி கண்ணை மூடினா அந்தப் பத்திர ஆபீஸ் வாசல்தான் வந்து நிக்குதாம். (அவங்க யாருனு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வெளியே வரிசை நீளமா நிக்குது. "எல்லாத்தையும் மன்னிச்சு விட்டுடுங்கம்மா. மனசும் லேசாகும், பிபியும் இறங்கும்"னு சொல்லிக்கிட்டே சீட்டை நீட்டினேன்.

அவங்க சீட்டை வாங்கல.

"மன்னிக்கலாம் சார். ஆனா அவன் வந்து கேக்கவேயில்லையே. நான் யாரை மன்னிக்கிறது?"

எனக்குப் பதில் வரல. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்கூட வீட்டுக்கு வந்துடுச்சு.

நான் சொன்னதுல மருத்துவ ரீதியா பொய் ஒண்ணும் இல்லை. கோபத்துக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை டாக்டர்கள் 200 வருஷத்துக்கு மேலா கவனிச்சுக்கிட்டு வர்றாங்க. 18-ம் நூற்றாண்டுல லண்டன்ல ஜான் ஹன்டர்னு ஒரு பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னருக்கே குரு. ஹன்டருக்கு நெஞ்சுவலி உண்டு, கோபம் வந்தா வலியும் வரும். தன்னைச் சீண்டுற எவன் கையிலயும் தன் உயிர் இருக்குன்னு அவரே சொல்லுவாராம். 1793 அக்டோபர் 16 அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டத்தில் ஒருத்தர் அவரை மறுத்துப் பேசினார். எழுந்து பக்கத்து அறைக்குப் போனவர் அங்கேயே சாய்ந்து இறந்துட்டார். உடலைத் திறந்து பார்த்தப்போ இதய ரத்தக் குழாய்கள் கெட்டியாகி எலும்பு மாதிரி இருந்தது. சிஷ்யர் ஜென்னருக்கு முன்னாடியே அந்தச் சந்தேகம் உண்டு. குரு மனசு உடைஞ்சுடுமேன்னு வெளியே சொல்லாம இருந்தார்.

1995-ல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,623 பேரிடம் விசாரித்து ஒரு ஆய்வு வந்தது. பயங்கரமா கோபப்பட்ட அடுத்த ரெண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல் கூடுதுன்னு அதுல தெரிஞ்சுது.

ஆனா அந்த அம்மாவுக்கு இருக்கிறது இந்த மாதிரி வெடிக்கிற கோபம் இல்லை. பழைய காயத்தைத் தினமும் உள்ளுக்குள்ள ஓட்டிப் பார்க்கிறது. அதுக்கும் ஆய்வு இருக்கு. 2001-ல் அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் 71 மாணவர்களை உட்கார வச்சு, தங்களைக் காயப்படுத்தின ஒருத்தரை நினைக்கச் சொன்னாங்க. வன்மத்தோட நினைக்கிறப்போ இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை எல்லாம் கூடுச்சு. மன்னிக்கிற மாதிரி கற்பனை பண்ணினப்போ அந்த அளவுக்குக் கூடல. நடந்தது பத்து வருஷம் முன்னாடியா இப்போவான்னு அட்ரினலினுக்குத் தெரியாது. நினைச்ச நிமிஷம் அது சுரந்துடும்.

அப்போ மன்னிச்சா போச்சு, அதானே மருந்து?

இங்கதான் நான் தப்பு பண்ணினேன். ஏன்னு சொல்லணும்னா ஒரு மனுஷனோட கதையைச் சொல்லணும்.

பேரு எரிக் லோமாக்ஸ். 1919-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் பிறந்தவர். சின்ன வயசுலேர்ந்து ரயில் பைத்தியம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் அதிகாரி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தப்போ கைதானார். ரயிலை நேசிச்ச மனுஷனை விதி கொண்டுபோய் விட்ட இடம், சயாம் மரண ரயில் பாதை.

தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்புசாயத் வரை 415 கிலோமீட்டர். காடு, மலை, மழை. ஜப்பான் ராணுவம் அதை ஒரு வருஷம் சொச்சத்தில், 1943 அக்டோபருக்குள் முடிச்சுது. 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செஞ்சாங்க. அதுல 12,000-க்கும் மேல் செத்தாங்க. காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியா, பெரிபெரி, காலில் அழுகும் புண், பட்டினி, அடி.

காஞ்சனபுரி முகாமில் லோமாக்ஸும் சில அதிகாரிகளும் திருட்டுத்தனமா ஒரு சின்ன ரேடியோ செஞ்சு, போர்ச் செய்தி கேட்டாங்க. 1943 ஆகஸ்டில் அது பிடிபட்டுடுச்சு. வெயிலில் மணிக்கணக்கா நிக்க வச்சு, கடப்பாறைக் காம்பு மாதிரி கனமான கட்டைகளால் அடிச்சாங்க. ரெண்டு அதிகாரிகள் அந்த அடியில் செத்தாங்க. லோமாக்ஸுக்கு ரெண்டு கையும் உடைஞ்சுது, விலா எலும்புகளும் போச்சு. அதோட விடல. அவர் அந்த ரயில் பாதைக்கு ஒரு வரைபடமும் வரைஞ்சு வச்சிருந்தார், ரயில் பைத்தியமாச்சே. அதுவும் சிக்கினதும் கெம்பெய்தாய்னு சொல்ற ராணுவப் போலீஸ் கையில் ஒப்படைச்சாங்க. நாள்கணக்கில் விசாரணை. கட்டிப்போட்டு, மூக்கிலயும் வாயிலயும் குழாய்த் தண்ணியை அடிச்சாங்க.

அந்த அறையில் இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு இளம் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அடிச்சது வேற ஆள். ஆனா கேள்வி எல்லாம் இந்த ஆள் குரலில்தான் வந்தது. லோமாக்ஸின் மனசில் தங்கிப்போனது அந்தக் குரல்தான். அடுத்த ஐம்பது வருஷம் அவர் பழிவாங்க நினைச்சதும் அந்த ஆளைத்தான்.

1945-ல் விடுதலை. வீடு திரும்பினா அம்மா எப்பவோ இறந்துட்டாங்கன்னு செய்தி. கொஞ்ச நாளில் கல்யாணம், பிள்ளைகள், வேலை. வெளியிலேர்ந்து பார்த்தா எல்லாம் சரி. உள்ளே ராத்திரிக்கு ராத்திரி கெட்ட கனவு. திடீர்னு இறுகிப்போயிடுவார், யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டார். அந்தக் கல்யாணம் கடைசியில் முறிஞ்சுது. 2013-ல் இவர் கதையை 'தி ரயில்வே மேன்'னு படமா எடுத்தாங்க, கொலின் ஃபிர்த் நடிச்சது. அதுல அந்த முதல் மனைவியும் பிள்ளைகளும் கிடையாது. எனக்கு அது ஒரு குறைதான். ஏன்னா ஆறாத காயத்துக்கான வட்டியை முதல்ல கட்டுறது வீட்ல இருக்கிறவங்க. ஓபியில் தினமும் பார்க்கிறேன்.

இன்னொண்ணும் கவனிங்க. கைதிகளை அடிச்சுக் கொன்ன விஷயத்துல போருக்குப் பிறகு விசாரணை நடந்து தண்டனையும் கொடுத்தாங்க. சட்டம் அதோட வேலையைச் செஞ்சுது. ஆனாலும் லோமாக்ஸுக்குத் தூக்கம் வரல.

அவருக்கு இருந்த நோய்க்கு அப்போ பேரே இல்லை. பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயா இடம் பிடிச்சதே 1980-லதான். அதே 1980-ல் ஒரு ரயில் பயணத்தில் (வேற எங்க!) பாட்ரிசியா என்ற பெண்ணைச் சந்திச்சார். 1983-ல் கல்யாணம். இவர் ராத்திரி அலறுறதைப் பார்த்து, இது 'குணம்' இல்லை, காயம்னு புரிஞ்சுக்கிட்டது அந்த அம்மாதான்.

லண்டனில் ஹெலன் பாம்பர் 1985-ல் தொடங்கின, சித்திரவதைக்கு ஆளானவங்களுக்கான மருத்துவ அமைப்பு ஒண்ணு இருந்தது. பாம்பர், இருபது வயசுல பெர்கன்-பெல்சன் வதை முகாமில் உயிர் பிழைச்சவங்களுக்கு உதவப் போனவர். அங்கே போய்த்தான் லோமாக்ஸ் முதல்முறையா வாயைத் திறந்தார். நாற்பது வருஷம் கழிச்சு. அங்கே யாரும் அவரை 'மன்னிச்சுடுங்க'ன்னு சொல்லல. நேரம் கொடுத்து, உட்கார வச்சு, கேட்டாங்க. அவ்வளவுதான். படிச்சப்போ எனக்கு எங்க ஓபி வரிசை ஞாபகம் வந்துச்சு.

இப்போ அந்தப் பக்கம் வருவோம்.

மொழிபெயர்ப்பாளர் பேரு நகாசே தகாஷி. போர் முடிஞ்ச உடனே, ரயில் பாதை ஓரமா புதைச்ச கைதிகளின் கல்லறைகளைத் தேடின நேச நாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. சில வாரம் கல்லறை கல்லறையா நடந்தார். அது அவரை மாத்திடுச்சு. பிறகு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காஞ்சனபுரிக்குப் போனார். இறந்தவங்களுக்காகப் பாலத்துக்குப் பக்கத்துல ஒரு புத்தர் கோயிலும் கட்டினார். அவருக்கு இதய நோய் இருந்தது. நெஞ்சு வலி வர்றப்போ எல்லாம், வரைபடம் வச்சிருந்த ஒரு கைதியைச் சித்திரவதை செஞ்ச காட்சி கண்ணு முன்னாடி வருதுன்னு சொன்னார்.

செஞ்சவன் பக்கமும் உடம்பு கணக்கு வச்சிருந்துச்சு பாருங்க.

1989-ல் ஜப்பான் டைம்ஸில் அவரைப் பத்தி வந்த கட்டுரையோட நகலை ஒரு பழைய கைதி நண்பர் லோமாக்ஸிடம் கொடுத்தார். போட்டோவும் இருந்தது. அந்த வரைபடக் கைதி தான்தான்னு லோமாக்ஸுக்குப் படிச்ச உடனே புரிஞ்சுது. மன்னிக்கணும்னு தோணல. ஆள் கிடைச்சுட்டான்னுதான் தோணுச்சு.

நகாசே எழுதின சின்னப் புத்தகம் ஒண்ணு இங்கிலீஷில் வந்திருந்தது. 1963-ல் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நின்னப்போ, தான் மன்னிக்கப்பட்டதா உணர்ந்தேன்னு அதுல எழுதியிருந்தார். படிச்ச பாட்ரிசியாவுக்குப் பத்திக்கிட்டு வந்தது. 1991-ல் கணவரோட சம்மதத்தோட நகாசேவுக்குக் கடிதம் போட்டார். அந்தக் கைதி என் கணவர், உயிரோட இருக்கார், அவர் இன்னும் மன்னிக்காதப்போ நீங்க மன்னிக்கப்பட்டதா எப்படி உணர முடியும்ங்கிறதுதான் அதோட சாரம்.

இந்த வரலாற்றிலேயே எனக்கு முக்கியமான இடம் இந்தக் கேள்விதான். சாமிகிட்ட, கல்லறைகிட்ட, நம்ம மனசாட்சிகிட்ட எல்லாம் மன்னிப்பு வாங்கிடறோம். அடிபட்ட ஆளுகிட்ட மட்டும் போறதில்லை.

நகாசேவிடமிருந்து பதில் வந்தது. சாக்கு இல்லை, சமாளிப்பு இல்லை. அந்தக் கடிதம் தன் நெஞ்சைக் குத்திக் கிழிச்சதா ஒத்துக்கிட்டு எழுதியிருந்தார். படிச்சதும் பாட்ரிசியாவோட கோபம் இறங்குச்சு. லோமாக்ஸுக்குள்ளயும் ஏதோ இளக ஆரம்பிச்சுது.

1993 மார்ச், காஞ்சனபுரி. லோமாக்ஸுக்கு 73, நகாசேவுக்கு 75. கிட்ட வந்த நகாசே குனிஞ்சு வணங்கினார். உடம்பு நடுங்குது, அழுகை, மன்னிப்பு, மன்னிப்புன்னு அதே வார்த்தை. ஐம்பது வருஷமா இந்த ஆளைக் கொல்லணும்னு நினைச்சவர் என்ன பண்ணினார் தெரியுமா? வெயில் கடுமையா இருக்குன்னு அவரைக் கூட்டிட்டுப் போய் நிழலில் பெஞ்சில் உட்கார வச்சு ஆறுதல் சொன்னார்.

ஆனா அன்னைக்கு அவர் மன்னிச்சதா சொல்லல. இதைப் பல பேர் கவனிக்கறதில்லை. பிறகு ஜப்பானுக்குப் போனாங்க, நகாசேவோட ஊர்ல தங்கினாங்க, நிறைய பேசினாங்க. கடைசியா டோக்கியோவில் ஓட்டல் அறையில், ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது, தானே எழுதின கடிதத்தை லோமாக்ஸ் படிச்சுக் கொடுத்தார். 1943-ல் நடந்ததை மறக்க முடியாது, ஆனா உங்களை முழுசா மன்னிக்கிறேன்னு. மறக்கலைங்கிறதையும் மன்னிச்சேன்ங்கிறதையும் ஒரே கடிதத்துல எழுத முடிஞ்சிருக்கு அவரால.

பிறகு ரெண்டு பேரும் சாகும்வரை நண்பர்கள். நகாசே 2011-ல், லோமாக்ஸ் 2012-ல், ரெண்டு பேருமே 93 வயசில். (மன்னிச்சா 93 வரைக்கும் இருக்கலாம்னு வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க. ரெண்டு பேரை வச்சு ஆய்வு பண்ண முடியாது.) அதே பாதையில் உழைச்ச எத்தனையோ முன்னாள் கைதிகள் கடைசி வரை மன்னிக்கல. அவங்களைக் குறை சொல்ல எனக்கோ உங்களுக்கோ ஒரு தகுதியும் இல்லை.

ஒரு நாடே இதைச் செஞ்சு பார்த்தா என்ன ஆகும்? தென்னாப்பிரிக்கா செஞ்சது. நிறவெறி ஆட்சி முடிஞ்ச பிறகு, டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 1996-லிருந்து சாட்சிகளைக் கேட்டது. பாதிக்கப்பட்ட 134 பேரைப் பரிசோதிச்சு 2001-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆணையத்துல சாட்சி சொன்னவங்களுக்கும் சொல்லாதவங்களுக்கும் மனநோய் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா மன்னிப்பு மனநிலை குறைவா இருந்தவங்களுக்கு மனச்சோர்வும் பிடிஎஸ்டியும் பதற்ற நோயும் அதிகம்.

உடனே 'மன்னிக்காததாலதான் நோய்'னு படிக்காதீங்க. நோயின் வேதனை அதிகமா இருக்கிறதால அவங்களால மன்னிக்க முடியாமலும் இருக்கலாம். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வரும், குளிரால காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்லுவோமா?

யாரும் வந்து கேக்காமலேயே மன்னிச்சவங்களும் இருக்காங்க. எவரெட் வொர்திங்டன்னு அமெரிக்க உளவியலாளர், மன்னிப்பு பத்தியே ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர். 1996 புத்தாண்டு சமயத்துல வீடு புகுந்த ஒருத்தன் அவரோட வயசான அம்மாவை அடிச்சுக் கொன்னுட்டான். கையில் கிடைச்சா அடிச்சே கொல்லணும்னுதான் முதல்ல அவருக்கும் தோணுச்சாம். அந்தக் கொலைக்காக யாருக்கும் தண்டனை கிடைக்கல, யாரும் மன்னிப்பும் கேக்கல. ஆனாலும் மன்னிச்சார். அவரோட முறையை ஒரு பயிற்சிப் புத்தகமா ஆக்கி, இந்தோனேசியா, உக்ரைன் உட்பட ஐந்து இடங்களில் 4,598 பேருக்குக் கொடுத்து ஆய்வு செஞ்சாங்க. மனச்சோர்வும் பதற்றமும் குறைஞ்சுது. முடிவுகள் 2024-ல் வந்தன. ஆனா அதுல சேர்ந்தவங்க எல்லாம் தாங்களா விரும்பி வந்தவங்க. வரிசையில் நிக்கும்போது டாக்டர் சொன்னதுக்காக மன்னிச்சவங்க இல்லை.

இதையும் சேர்த்துச் சொல்லணும். மன்னிக்கிறதும் திரும்பப் போய்ச் சேர்ந்து வாழறதும் ஒண்ணு இல்லை. வழக்கை வாபஸ் வாங்கறதும் இல்லை. அடிக்கிற புருஷனை 'மன்னிச்சு' திரும்பிப் போன பெண்களுக்கு நான் தையல் போட்டிருக்கேன். அப்படி யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கு இந்த இழை இல்லை. 181-க்கு போன் பண்ணுங்க.

கடைசியா ஒரு விஷயம். இது இல்லாம இந்த ரயில் பாதையைத் தமிழில் எழுதக்கூடாது.

அங்கே செத்தவங்களில் பெரும்பாலானவங்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இல்லை. ஆசியத் தொழிலாளர்கள். சுமார் 2 லட்சம் பேர் வேலை செஞ்சாங்க, 90,000 வரை செத்திருக்கலாம்னு மதிப்பீடு. அதுல மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலி, சோறுன்னு ஆசை காட்டியும் பிடிச்சும் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம். போர்க் கைதிகள் முகாமில் எட்வர்ட் 'வியரி' டன்லப் மாதிரி ராணுவ டாக்டர்கள் இருந்தாங்க, மூங்கிலை வச்சே கருவி செஞ்சு வைத்தியம் பார்த்தாங்க. நம்ம ஆட்கள் முகாம்களில் பெரும்பாலும் டாக்டரே இல்லை. 1943-ல் காலரா வந்தப்போ கொத்துக் கொத்தா போனாங்க. கொதிக்க வச்ச தண்ணியும் உப்புக் கரைசலும் இருந்திருந்தா பல பேர் பிழைச்சிருப்பாங்க. டாக்டரா இதைப் படிக்கிறப்போ வயிறு எரியுது.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் வரிசையா கிட்டத்தட்ட 7,000 நடுகற்கள். பேரு, வயசு, படைப்பிரிவு எல்லாம் பொறிச்சிருக்கு. தமிழ்க் கூலிகளுக்கு அங்கே இடமில்லை. அவங்களை மொத்தமா புதைச்ச குழிகளுக்குப் பேரும் கிடையாது. அவங்க மனைவிகளும் பிள்ளைகளும் தோட்ட லயத்து வாசலில் காத்திருந்து காத்திருந்து வயசானவங்க. லோமாக்ஸுக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு விலாசம் கிடைச்சது, ஒரு கடிதம் வந்தது. இவங்களுக்கு யாரு எழுதினா? யாரு பாலத்துகிட்ட வந்து குனிஞ்சு நின்னா? அந்த வீட்டுப் பாட்டிகள்ட்ட போய் 'மன்னிச்சுடுங்க, பிபி குறையும்'னு எந்த வாயால சொல்றது?

போன மாசம் அந்த அம்மா திரும்ப வந்தாங்க. கடைசி டோக்கனா இருங்கம்மான்னு சொல்லி, கூட்டம் போனதும் உட்கார வச்சேன். மன்னிப்புங்கிற வார்த்தையையே எடுக்கல. அன்னைக்கு அப்படிச் சொன்னது என் தப்புதான்மான்னு மட்டும் சொன்னேன். "என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க." இருபத்தஞ்சு நிமிஷம் பேசினாங்க. பாதியில ஒரு தடவை தண்ணி கேட்டாங்க. பத்திர நகல் பையிலேயே வச்சிருக்காங்க, பன்னிரண்டு வருஷமா.

கோர்ட் வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொன்னேன். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, இது அவங்களுக்குத் தெரியாது. எங்க மனநல ஆலோசகர்கிட்டயும் எழுதிக் கொடுத்தேன். பிபி அன்னைக்கு 164/98. பெரிய மாற்றம் ஒண்ணும் இல்லை, ஒரு மாத்திரையைக் கூட்டினேன்.

சீட்டை நீட்டினேன். வாங்கிக்கிட்டு, "அடுத்த மாசமும் கடைசி டோக்கன் போடட்டுமா சார்?"னு கேட்டாங்க.

போடுங்கம்மான்னேன்.